‘போ’வுக்குப் பின் ஒரு மூச்சு

அத்தியாயம் பதினொன்று

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நாற்காலிகள் நான்கு.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் ஆலோசகர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் ஐம்பத்தைந்து வயது அம்மாள். அவருக்கு இடப்புறம், பச்சை மெத்தை போட்ட நாற்காலியில், பெரியவள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். கைப்பை மடியில், இரண்டு கையும் கைப்பையின் மேல். கதவோரம், உட்கார்ந்ததுமே கிரீச்சிட்ட மடக்கு நாற்காலியில், சின்னவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அக்காவோடு இந்த அறைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

நான்காவது, மரக் கைப்பிடி வைத்த நாற்காலி. பச்சை நாற்காலிக்கு நேர் எதிரே, நாலு அடி தள்ளி. அதில் யாரும் இல்லை. அது அப்பாவுக்கு.

அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.

கதையை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாக. மூன்று மாதத்துக்கு முன் ஒரு வழக்கில், கூண்டில் நின்ற சாட்சி ‘போ…’ என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். பெரியவள் காத்திருந்தாள். சாட்சி முடித்தார். அதற்குப் பிறகும் அவளுக்கு வாய் திறக்கவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதே மாதத்தில் இன்னும் இரண்டு தடவை அப்படியே ஆனது. மேலதிகாரி விடுப்புக் கடிதத்தைத் தானே எழுதி நீட்டி, “கையெழுத்து மட்டும் போடுங்க, போய் யாரையாவது பாருங்க” என்றார். அப்படி வந்து சேர்ந்த இடம்தான், செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் இந்த மாடி அறை.

போன வாரம் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. சின்னவளுக்கு அவ்வப்போது அட்டை போடுபவன், பெரியவளுக்கு எழுதியது ஒன்பது வருஷத்தில் இதுதான். துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான்.

‘அக்கா, இருபதாம் தேதிக்கு மேல் இந்த விலாசத்தில் இருக்க மாட்டேன். வெகுதூரம் போகிறேன். எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு முன் ஒன்று வேண்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்பா சொன்ன வார்த்தையை அப்படியே எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.’

இன்றைக்குத் தேதி பதினாறு. தெருமுனைத் தபால் பெட்டியை ஐந்தரை மணிக்குத் திறந்து எடுப்பார்கள். இப்போது மணி மூன்று.

“தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார் ஆலோசகர்.

“வண்டியில வரும்போது சொன்னேன்.”

“நல்ல இடம் பார்த்துச் சொன்னா,” என்றாள் சின்னவள். “பச்சை விளக்கு விழுந்து நான் பாட்டுக்கு நின்னுக்கிட்டிருக்கேன். பின்னாடி ஒரு லாரிக்காரர் என் வண்டிக்கு மேல இருக்கிற ‘பழகுநர்’ பலகையைப் பார்த்துட்டு, பாவம்னு பொறுமையா இருந்தார்.”

பெரியவள் சொன்னது இதுதான்.

அப்பா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் சொன்ன வாய். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும் அந்த வாய் குழறிப் போனது. பதினாலு மாதம் படுக்கை. அவர் பேசுவது பெரியவளுக்கு மட்டும்தான் விளங்கும். டாக்டருக்கு, நர்ஸுக்கு, பார்க்க வந்தவர்களுக்கு, எல்லாருக்கும் அவள்தான் எடுத்துச் சொல்வாள்.

அப்பா வாங்கிக்கொடுத்த பஸ் நிலைய வேலையை உதறிவிட்டுத் துறைமுகத்துக்குப் போன தம்பி, கடைசி வாரம் வந்து நின்றான். இரண்டு வருஷமாக அப்பாவும் அவனும் பேசிக்கொண்டதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்று கேட்டான்.

“நான் இருக்கவாப்பா, போகவா?”

அப்பா உதடுகளைக் குவித்து வாயைக் கூட்டினார். ‘போ…’ என்றார். என்றுவிட்டு மூச்சு இழுத்தார்.

அந்த மூச்சு வெளியே வருவதற்குள் பெரியவள் சொல்லிவிட்டாள்: “போகச் சொல்றார்டா.”

தம்பி போய்விட்டான். மூன்றாம் நாள் அப்பாவும்.

தமிழை மொழிபெயர்ப்பவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு. நம் மொழியில் ‘இல்லை’ என்பது வாலில் இருக்கிறது. போகிறேன், போகவில்லை, போகமாட்டேன் எல்லாமே ‘போ’வில்தான் தொடங்கும். ஒருவன் செய்தானா இல்லையா என்பதே கடைசி இரண்டு எழுத்தில் தலைகீழாகிவிடும். அதனால் பேசுகிறவர் முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் பெரியவள் அந்த விதியை மீறியதில்லை. கட்டிலருகே ஒரு தடவை மீறினாள்.

“சரி,” என்றாள் சின்னவள் ஆலோசகரிடம். “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. காலி நாற்காலிகிட்ட பேசினா குணமாகுமா? எத்தனை பேருக்கு ஆயிருக்கு?”

“அடியே,” என்றாள் பெரியவள்.

“கேக்கட்டும். நியாயமான கேள்விதான்.” ஆலோசகர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “நான் பார்த்தவங்கள்ல பாதிக்கு மேல உதவியிருக்கு. சிலருக்கு ஒண்ணும் ஆகல. ஒருத்தர், ‘நாற்காலிகிட்ட பேச நான் என்ன கிறுக்கனா’ன்னு எழுந்து போயிட்டார், குடையைக்கூட மறந்துட்டு. பேச்சு பாதியில நின்னுபோன ஒரு ஆளை மனசுல சுமக்கிறவங்களுக்கு, அந்த ஆளைப் பத்திச் சும்மா பேசறதைவிட அந்த ஆள்கிட்டயே பேசறது அதிகம் உதவுதுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. அந்த ஆளோட நாற்காலியில உட்கார்ந்து பதிலும் சொல்லணும். ஆனா எல்லாருக்கும்னு யாரும் சொல்லல.”

“இவளுக்கு?”

“உங்க அக்காவுக்கு இதுவரைக்கும் உதவல. மூணு தடவை பண்ணியாச்சு.”

“ஏன்?”

“ரொம்ப நல்லாப் பண்றாங்க. அதான்.”

பெரியவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

அதில் உள்ள சங்கதி இது. நீதிமன்றத்தில் சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். திருடனின் ‘நான்’, கத்தியால் குத்தியவனின் ‘நான்’, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் ‘நான்’, எல்லாம் பெரியவளின் வாய் வழியாகப் போய் வந்தவை. ஒன்றும் அவள் மேல் ஒட்டியதில்லை. ஒட்டினால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. ஆகவே ஆலோசகர் மர நாற்காலிக்கு மாறச் சொன்னபோதெல்லாம் அவள் மாறி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, ‘நான் உன்னை மன்னித்துவிட்டேன் அம்மா, நீ வருத்தப்படாதே’ என்று தீர்ப்பு வாசிப்பதுபோல் சொன்னாள். திரும்பிப் பச்சை நாற்காலிக்கு வந்து, ‘நன்றி அப்பா’ என்றாள். அட்டையில் குறியும் போட்டாள்.

அந்த அட்டையில் ஒரே கேள்விதான். ‘முடியாமல் நின்ற அந்த விஷயம் இப்போது உங்களை எவ்வளவு அலைக்கழிக்கிறது?’ ஒன்று முதல் ஐந்து வரை. மூன்று தடவையும் அவள் போட்டது ஐந்து.

“இன்னைக்கு அப்பாவை நல்லாப் பேச விடாதீங்க,” என்றார் ஆலோசகர். “படுக்கையில எப்படி இருந்தாரோ அப்படி உட்காருங்க. அவசரமே இல்ல. வேண்டாம்னு தோணினா எந்த நிமிஷமும் நிறுத்திடலாம்.”

பெரியவள் எழுந்தாள். கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தங்கையிடம் கொடுத்தாள். மர நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு இடக்கையால் வலக்கையை எடுத்து, வேறு யாருடையதோ போல, மடியில் வைத்தாள். வலத்தோளை இறக்கினாள். கன்னத்தின் ஒரு பக்கம் தளர்ந்து தொங்கியது.

மடக்கு நாற்காலி கிரீச்சிட்டது. சின்னவளின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பயிற்சி வண்டியில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பதினோரு வருஷமாக அதை மிதித்து மிதித்து, பயம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவள் கால் தானாக அழுத்தும்.

“மகன் வந்து நிக்கறார்,” என்றார் ஆலோசகர், குரலைத் தாழ்த்தி. “இருக்கவாப்பா, போகவான்னு கேக்கறார்.”

வாய் கூடியது.

“போ…”

மூச்சு உள்ளே போனது. கீழே செருப்புக் கடையில் யாரோ ஆணி அடித்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடியும் அடித்தார்கள். யாரும் முந்திக்கொள்ளவில்லை. அந்தக் கண்கள் மகன் நின்றிருக்கக்கூடிய இடத்தைவிட்டு மெதுவாகத் திரும்பி, எதிரே ஆளில்லாமல் இருந்த பச்சை நாற்காலியில் வந்து நின்றன.

“போ…தும்மா.”

குழறல்தான். ஆனால் அறையில் இருந்த மூன்று பேருக்கும் விளங்கியது. சொன்ன வாய்க்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பெரியவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இந்தப் பக்கம் வாங்க,” என்றார் ஆலோசகர். “உங்க நாற்காலிக்கு. போதும்மான்னு சொல்றார். அவருக்கு என்ன சொல்லணும்?”

“மன்னிச்சுடுங்கப்பா.”

“அது ஒன்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கறது. அதுக்குக் கீழ என்ன இருக்கு?”

விரல்கள் பச்சை மெத்தையின் ஓரத்தை நெருடின.

“கோபம்,” என்றாள் பெரியவள். அவளே திடுக்கிட்டவள்போல் ஆலோசகரைப் பார்த்தாள்.

“என்கிட்ட வேண்டாம். அவர்கிட்ட.”

“எனக்குக் கோபம்ப்பா.” குரல் மாறிவிட்டது. சின்னவளுக்குத் தெரிந்த குரல் அது, பாவாடை கட்டிய வயதில் கேட்டது. “பதினாலு மாசம் நான்தான் உங்க வாய். தண்ணி வேணும், வலிக்குது, ஜன்னலைச் சாத்து, நர்ஸைக் கூப்பிடு. எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்குன்னு ஏதாவது சொன்னீங்களா? எனக்குச் சொல்ல வேண்டியதை யார் எடுத்துச் சொல்லுவா? நான்தானே இருந்தேன். அவன் வந்தான். அரை மணி நேரம் நின்னான். அவனுக்காக அப்படி மூச்சுக் கட்டி ஒரு வார்த்தை எடுத்தீங்க. எனக்குப் பொறுக்கலப்பா. அது என்ன வார்த்தையா இருந்தாலும் பொறுக்கல. அதனாலதான் வெட்டினேன்.”

அதற்குப் பிறகு வந்தது அழுகை. நீதிமன்றத்தில் அடக்கியது, ஆஸ்பத்திரியில் அடக்கியது, எல்லாம் சேர்த்து. ஆலோசகர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக் கை எட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்தார், நீட்டவில்லை.

“இன்னொரு தடவை அந்தப் பக்கம் போக முடியுமா? அப்பா என்ன சொல்றார்னு பார்க்கலாம்.”

பெரியவள் போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இடக்கை மெல்ல நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க, நாற்காலியின் கைப்பிடியில் கிடந்தது. வாய் கூடவில்லை.

“என்ன சொல்றார்?”

“ஒண்ணும் சொல்லல,” என்றாள் பெரியவள். “கேட்டுக்கிட்டு இருக்கார்.”

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அட்டை வந்தது. பெரியவள் நான்கு என்று வட்டம் போட்டு, யோசித்து, அதை அடித்துவிட்டு மூன்றில் போட்டாள்.

“இவ்வளவு அழுததுக்கு ரெண்டே ரெண்டுதான் குறைஞ்சிருக்கா?” என்றாள் சின்னவள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

“முதல் தடவையா யோசிச்சுப் போட்டிருக்காங்க,” என்றார் ஆலோசகர். “அடுத்த வாரம் நாலுக்கு ஏறினாலும் ஏறும். அப்படியும் ஆகும்.”

“அப்போ அன்னைக்கும் அப்பா ‘போதும்’னுதான் சொல்ல வந்தாரா?”

ஆலோசகர் தலையை ஆட்டினார். “அது எனக்குத் தெரியாது. இந்த நாற்காலிக்கும் தெரியாது. இங்கே வர்றது உங்க அக்கா மனசுல இருக்கறது. நடந்ததுக்கு இது சாட்சி ஆகாது.”

“கோர்ட்ல ஏத்துக்க மாட்டாங்க,” என்றாள் பெரியவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

*

கடிதம் எழுதப்பட்டது வண்டிக்குள். தபால் பெட்டிக்கு எதிரே, மூடிக் கிடந்த பெயின்ட் கடை வாசலில் சின்னவள் வண்டியை ஓரம் கட்டினாள். சாலைக் குறிகள் புத்தகத்தை மடியில் வைத்து அதன் மேல் தாளை வைத்தாள் பெரியவள். மணி நாலே முக்கால்.

“அக்கா, எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.”

“சொல்லு.”

“‘போகாதே’ன்னு சொன்னார்னு எழுதிடு.”

பெரியவள் பேனா மூடியைக் கழற்றவில்லை.

“ஒரே வார்த்தை,” என்றாள் சின்னவள். “அவன் அதுக்குத்தான் ஒன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கான். படிச்சான்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவான். அப்பா வந்து இல்லன்னு சொல்லப் போறாரா?”

“அவன் அப்படியே எழுதுன்னு கேட்டிருக்கான்.”

“அப்படியே எழுதினா அவன் வராம போயிடுவானே. யோசிச்சியா அதை?”

“யோசிச்சேன்.”

“யோசிச்சும்?”

“ஒரு தடவை அப்பா பேசாததை நான் பேசி அவனை அனுப்பினேன். இப்போ இன்னொரு தடவை அப்பா பேசாததைப் பேசி அவனை வரவழைக்கச் சொல்றே.”

“முன்னாடி சொன்னது கெடுதல். இது நல்லது.”

“ரெண்டும் என் வாய்தானேடி.”

சின்னவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் எழுதத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் பழகிய முறைப்படி தேதி வலது மேல் மூலையில், விலாசம் அதன் கீழே, எண் போட்டு வரிசையாக.

‘அன்புள்ள தம்பிக்கு, நீ கேட்டபடி அப்படியே எழுதுகிறேன்.

1. அப்பா ‘போ’ என்றார்.

2. சொல்லிவிட்டு மூச்சு இழுத்தார். வாய் மூடவில்லை. இன்னும் ஏதோ இருந்தது.

3. அது வருவதற்குள் நான் பேசிவிட்டேன். ‘போகச் சொல்றார்’ என்பது என் வாக்கியம், அவருடையது இல்லை. நீ கிளம்பியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் திரும்பக் கேட்கவில்லை.

4. போ என்றே சொல்ல வந்திருக்கலாம். போகாதே என்றிருக்கலாம். போதும் என்றிருக்கலாம். எனக்குத் தெரியாது.

5. நான் ஏன் முந்திக்கொண்டேன் என்பது தெரியும். பதினாலு மாதத்தில் அவர் எனக்காக அப்படி மூச்சுக் கட்டி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. உனக்கு எடுத்தார். எனக்குப் பொறாமை. இதை இன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

வேறொன்றும் எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் ஒரு வரி. இருக்கவா போகவா என்று நீ என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரு என்றிருப்பேனா என்று அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குக் கேட்டால், வா என்கிறேன். இது மொழிபெயர்ப்பு இல்லை.

அக்கா.’

“படிக்கறேன், கேளு,” என்றாள் பெரியவள்.

படித்து முடிக்கும்வரை சின்னவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கையை நீட்டினாள்.

“அந்தப் பேனாவைக் கொடு.”

வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்திருந்த பயிற்சிச் சீட்டு ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினாள். நீளமாக ஒன்றும் இல்லை. ஒரு வரி, மிஞ்சிப் போனால் இரண்டு. எழுதிய கையோடு நாலாக மடித்தாள்.

“உறையில இதையும் வை.”

“என்னது?”

“அவனுக்கு.”

“நான் பார்க்கக்கூடாதா?”

சின்னவளின் வலது கால் பிரேக்கில் இருந்தது. வண்டி ஓடவில்லை.

“அக்கா, அன்னைக்கு நீ அப்பாவோட காதுப் பக்கம் குனிஞ்சு நின்னே. நினைவிருக்கா? நான் கால்மாட்டுல நின்னேன். எனக்கு அவர் பேச்சு விளங்காது. ஆனா அவர் வாய் எனக்கு நேராத் தெரிஞ்சுது. நீ பேசின பிறகும் அது நிக்கல.”

பெரியவள் திரும்பினாள். மடித்த சீட்டு அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது.

“என்ன பார்த்தே?”

“என் பக்கமும் ஒரு பிரேக் இருந்துச்சு. மிதிச்சிருக்கணும். மிதிக்கல.”

“என்னடி பார்த்தே?”

“உன்கிட்ட சொன்னா நீ அதை அவனுக்கு எடுத்துச் சொல்லுவே. வேண்டாம்க்கா. இந்த ஒண்ணை நானே சொல்லிக்கறேன்.”

முக்கால் மணி நேரத்துக்கு முன் ‘போகாதே’ என்று பொய் எழுதச் சொன்னவள் இவள். அது பொய்தானா என்று இப்போது பெரியவளுக்கு நிச்சயமில்லை. சீட்டில் இருப்பது தங்கை கண்ணால் கண்டதா, அவனை வரவழைக்க இட்டுக்கட்டியதா? விரலால் ஒரு மடிப்பை விலக்கினால் தெரிந்துவிடும்.

தெருவின் மறுபக்கம் தபால்காரர் சைக்கிளைப் பெட்டியோரம் நிறுத்தி, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

பேசுகிறவர் முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. பெரியவள் சீட்டை மடித்தது மடித்தபடி கடிதத்தின் நடுவில் வைத்தாள். இரண்டையும் உறைக்குள் தள்ளி, ஓரத்தை நாக்கில் நனைத்து, சாலைக் குறிகள் புத்தகத்தின் மேல் வைத்து, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தித் தேய்த்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, தபால்காரரின் பையிலேயே அதைப் போட்டாள்.